உடன்பிறந்தோர் எத்தனை பேர்

குடியுரிமைத் தேர்வுக் கேள்விகள் எல்லாம் முடிந்துவிட்டன. நாடாளுமன்றத்தில் எத்தனை இடங்கள், கொடியில் எத்தனை நிறங்கள், நீதிபதியை யார் நியமிக்கிறார் என்று நாலு மாதமாக மெழுகு உருக்கிக்கொண்டே வாய்க்குள் முணுமுணுத்துப் பழகியதெல்லாம் எலிக்குத் தடங்கல் இல்லாமல் வந்தது. இருபதுக்குப் பத்தொன்பது. தப்பாகப் போனது ஏதோ ஒரு ஆற்றின் பெயர்.

"பரவாயில்ல, அது எனக்கே அடிக்கடி மறந்துடும்" என்றார் எதிரே இருந்த அதிகாரி. நல்ல மனுஷர். முன்பல் ஒன்று மட்டும் பக்கத்துப் பல்லைவிடக் கொஞ்சம் வெளுப்பு. யாரோ அவசரத்தில் செய்து கொடுத்திருக்கிறார்கள். அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால் எலி மேசையைப் பார்த்தாள். பல்செட் செய்கிற இடத்தில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தால் மனிதர்களை இப்படித்தான் பார்க்கத் தோன்றும்.

எலி என்பது அவள் பெயர் இல்லை. சின்ன வயதில் பென்சில் முனை, நோட்டு ஓரம், சட்டைக் காலர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொறித்ததற்கு அக்கா வைத்த பட்டம் அது. கல்யாணத்துக்குப் பிறகு கணவனும் அதையே பிடித்துக்கொண்டான். கொறிக்கிறவள் கடைசியில் ஊராருக்குப் பல் கட்டுகிற வேலைக்குப் போய்ச் சேர்ந்ததை நினைத்து அக்கா இன்றைக்கும் சிரிப்பாள். எலிக்கும் அதிகாரிக்கும் நடந்த பேச்சு அந்த நாட்டு மொழியில் நடந்தது. நமக்கு அது நம் மொழியிலேயே இருக்கட்டும்.

அதிகாரி கோப்பிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துப் பக்கம் பக்கமாக வைத்தார்.

"இது பதினோரு வருஷத்துக்கு முன்னாடி விசாவுக்கு நீங்க குடுத்தது. உடன்பிறந்தோர், மூத்த சகோதரி ஒருத்தர். இது போன வருஷம் குடியுரிமைக்குக் குடுத்தது. உடன்பிறந்தோர், இல்லை." குரலைத் தாழ்த்தினார். "சகோதரி இறந்துட்டாங்களா?"

"ஐயோ, அவ கல்லு மாதிரி இருக்கா" என்று எலி பதறினாள். "நேத்து கூட பேசினேன். தலைக்கு எண்ணெய் வைக்கலன்னு திட்டினா."

அனுதாபத்தோடு முன்னால் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இறந்திருந்தால் ஒரு சான்றிதழோடு முடிந்திருக்கும். அக்கா உயிரோடு இருந்ததுதான் சிக்கலாகிவிட்டது.

"அப்ப இதுல எது பொய்?"

"ரெண்டுமே பொய் இல்லைங்க. அவ எங்க பெரியம்மா பொண்ணு."

பெரியம்மா என்பதை அந்த மொழியில் அம்மாவுக்கு மூத்த சகோதரி என்றுதான் சொல்ல முடிந்தது.

"அப்ப அவங்க உங்க சகோதரி இல்ல."

"எங்க அக்கா."

"உங்க அம்மாவோட சகோதரி மகள்."

"ஆமா. அக்கா."

இப்படி நாலு சுற்று சுற்றினார்கள். ஐந்தாவது சுற்றில் அதிகாரி பேனாவை மூடினார். முப்பது நாள் அவகாசம். அந்தப் பெண் யார், என்ன உறவு என்று கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் ஒன்று வேண்டும். அவளுடைய பெற்றோர் பெயர் இருக்கிற ஆவணம் ஒன்றும் வேண்டும். வராவிட்டால் தவறான தகவல் என்று எழுதி மூடிவிடுவார்கள். மறுபடி மனுப் போட ஐந்து வருஷம் ஆகும்.

வீட்டில் அவள் ஒருத்திதான் பாக்கி. கணவனுக்கும் மகளுக்கும் போன வருஷமே வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒருமுறை வெளியே போய்த் திரும்பியபோது, விமான நிலையத்தில் அவர்கள் இரண்டு பேரும் குட்டையான வரிசையில் நின்று ஐந்து நிமிஷத்தில் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். எலி நீளமான வரிசையில் ஒன்றே கால் மணி நேரம் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மகள் கையாட்டிக்கொண்டே இருந்தாள். கை வலித்தபோது இன்னொரு கையால் ஆட்டினாள். மனுவை அன்றைக்குத்தான் எழுதச் சொன்னாள் எலி.

எழுதியது கணவன். பெரிய கிடங்கு ஒன்றில் வருகிற பெட்டிகளைச் சரிபார்க்கிற வேலை அவனுக்கு. பெட்டி மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"இல்லைன்னு எதுக்குங்க போட்டீங்க?"

"வேற என்னத்தப் போட? உங்க அப்பா அம்மாவுக்கு நீ ஒத்தப் புள்ள."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"கேட்டேனே. கூடப்பொறந்தவங்க யாரும் இல்லல்லன்னு கேட்டேன். நீ துணி மடிச்சிட்டிருந்த. ம்னு சொன்ன."

"அது சரிங்கற ம் இல்ல. என்னன்னு கேக்கற ம்."

"ம்ல எத்தனை வகைடி இருக்கு" என்றான் அவன். பதினாலு வருஷக் குடித்தனத்தில் இது தெரியாமல் ஒரு மனுஷன் இருந்திருக்கிறான்.

கோபம் அவன் மேல் இல்லை என்பது அவளுக்கே தெரியும். எழுத வேண்டிய வாக்குமூலம்தான் நெஞ்சில் முள்ளாக நின்றது. இவள் என் சகோதரி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை நிரூபிக்கிற காகிதத்தையும் அந்த அக்காவிடமே கேட்டு வாங்க வேண்டும்.

அக்காவுக்கு ஐந்து வயதில் பெரியம்மா போய்விட்டாள். பெரியப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊர் போனவர், போனவர்தான். எலியின் அப்பா பஸ் கண்டக்டர். டிக்கெட் பையைத் தோளில் மாட்டியபடியே போய்ப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அப்போது எலிக்கு இரண்டு வயது. அக்கா இல்லாத வீடு எப்படி இருந்தது என்று எலிக்கு ஞாபகமே கிடையாது. ஒரே தட்டு, ஒரே போர்வை, ஒரே பேன் சீப்பு. பெரியம்மா பெண் என்கிற சொல்லையே யாராவது வெளியாள் வந்து சொன்னால்தான் உண்டு.

அப்படி ஒருமுறை அத்தை சொன்னாள். அப்பாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டிருந்தபோது, பெற்ற பிள்ளைகள் மட்டும் உள்ளே வரலாம் என்றாள் வாசலில் இருந்த நர்ஸ். அத்தை உடனே, "இவ பொண்ணு. அவ அண்ணியோட அக்கா பொண்ணு" என்று கை காட்டினாள். அக்கா ஃபிளாஸ்கோடு அப்படியே நின்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஃபிளாஸ்க் மூடியை மட்டும் திறந்து திறந்து மூடினாள். எலி அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு, "இவ எங்க அக்கா. கூடப்பொறந்தவ. ரெண்டு பேரும் தான் வருவோம்" என்றாள். நர்ஸ் வழிவிட்டாள். அப்பாவின் கடைசி ஒன்பது நாளும் அக்காதான் பக்கத்தில் இருந்தாள்.

அந்த வாயால் சொன்னதை இந்தக் கையால் மாற்றி எழுத வேண்டும்.

மறுநாள் மத்தியானம் வேலை இடைவேளையில் அக்காவைக் கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம். அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். தாலுகா ஆபீஸ் எதிரில் கடை என்பதால் ஊரில் பிறந்தவன், படித்தவன், கட்டினவன், செத்தவன் எல்லாருடைய சான்றிதழும் அவள் கை வழியாகத்தான் போகும்.

"அக்கா, உன் ஸ்கூல் சர்டிபிகேட் ஒரு காப்பி வேணும்."

"எதுக்குடி?"

எலி சொன்னாள். முழுவதையும் சொல்லவில்லை. இரண்டு பாரம், இரண்டு பதில், ஒரு சின்னக் குழப்பம் என்று பூசி மெழுகினாள். மறுமுனையில் மிஷின் காகிதம் தள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பாக்கறேன்" என்றாள் அக்கா. வைத்துவிட்டாள். எண்ணெய் வைத்தாயா என்று கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது பீரோ சாவியை அக்கா வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போயிருந்தார். நாலு நாள் கழித்து சாவி வந்துவிட்டது, ஸ்கேன் மிஷின் சூடாகிவிட்டது. அடுத்த வாரம் கரண்ட் இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரிக்குத் தன்னுடைய ஒரே ஒரு காகிதத்தைக் காப்பி எடுக்க மூன்று வாரமாக முடியவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? எலி ஒரே ஒரு அர்த்தம்தான் எடுத்துக்கொண்டாள். அக்காவுக்கு வலித்துவிட்டது.

வேலையிலும் மனசு ஓடவில்லை. நீள மேசை, ஆளுக்கொரு விளக்கு, ஒவ்வொருவர் முன்னாலும் திறந்தபடி கிடக்கிற மாக்கல் நிறத் தாடை அச்சுகள். எலி, மெழுகால் செய்த ஈறில் ஒவ்வொரு பல்லாகச் சூடான கத்தியால் பதிக்க வேண்டும். பக்கத்து இருக்கைக்காரன் பெயர் தாடி. தாடி இல்லாத தாடி. என்றைக்கோ எடுத்துவிட்டான், பெயர் மட்டும் தங்கிவிட்டது. அவனும் நம் ஆள்தான், பேச்சுத் துணை. அன்றைக்கு அவன் எலி முடித்து வைத்த பல்செட்டைத் தூக்கிப் பார்த்தான்.

"இது யாருக்கு?"

"எழுபத்தெட்டு வயசு பாட்டிக்கு."

"பாட்டி சினிமால நடிக்கப் போறாங்களா?"

எலி பார்த்தாள். டாக்டர் சீட்டில் எழுதியிருந்த நிறத்தை விட்டுவிட்டு, இருப்பதிலேயே வெள்ளையான பல் வரிசையைப் பதித்து வைத்திருந்தாள். மொத்தத்தையும் பிடுங்க வேண்டும்.

"ஊர்ல எதாவது பிரச்சனையா?" என்றான் தாடி.

"எங்க அக்காவ அக்கா இல்லைன்னு எழுதித் தரணும்."

தாடி பல்செட்டைக் கீழே வைத்தான். "எனக்கும் ஒரு அண்ணன் இருக்கான். எழுதித் தந்தா வாங்கிப்பாங்களா?"

எலிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டாள்.

இருபத்தைந்தாம் நாள் கணவன் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து வைத்தான். பாதிப் பக்கம்தான். நடுவில் ஒரு வரி. மேற்படி நபர் என் சகோதரி அல்ல. எலி பேனாவை எடுத்தாள். அதன் பின்பக்கத்தைக் கடித்தாள். கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின் மேல் மகள் தன் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு, "பெரியம்மா பாத்தா என்ன நெனப்பாங்க?" என்றாள்.

"பாக்க மாட்டாங்க" என்றான் கணவன். "ஆபீஸ்ல ஒரு பெட்டிக்குள்ள கிடக்கும்."

"உங்களுக்குத் தான பெட்டிக்குள்ள இருக்கறது சரியா இருக்கணும்" என்றாள் எலி.

அவன் அடுத்த அறைக்குப் போனான். கொஞ்ச நேரம் கழித்து வந்து அந்தத் தாளை எடுத்து மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "திங்கக்கிழமை வரைக்கும் இருக்கு" என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை காலையில் எலி முடிவோடு அக்காவுக்கு வீடியோ கால் போட்டாள்.

"அக்கா, சர்டிபிகேட் வேணாம். தேட வேணாம். நான் மனுவ வாபஸ் வாங்கிக்கறேன்."

"ஏன்டி?"

"உன்னைய இல்லைன்னு எழுத எனக்குக் கை வரல. அஞ்சு வருஷம் தான, போகட்டும். நீளமான வரிசைல நின்னா நானென்ன தேஞ்சா போயிடுவேன்."

அக்கா போனோடு கடை வாசலுக்குப் போனாள். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கும் சத்தம் கேட்டது. யாரோ வாடிக்கையாளர் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். "பத்து நிமிஷம் கழிச்சு வாங்க அண்ணே" என்றாள். போனை மிஷின் மேல் சாய்த்து வைத்து, மேசைக்கு அடியில் இருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அது வீட்டுப் பீரோவில் இருந்ததே இல்லை. கடையில், அவள் காலடியிலேயே இருந்திருக்கிறது.

"திட்டக் கூடாது" என்றாள். "படி."

ஓரம் பழுத்த தாளைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். எலி படித்தாள். மாணவியின் பெயர், பிறந்த தேதி. அதற்குக் கீழே, தகப்பனார் அல்லது பாதுகாவலர் பெயர் என்று அச்சடித்திருந்தது. அதில் 'அல்லது பாதுகாவலர்' என்ற இரண்டு வார்த்தைகள் மேல் நீல மையில் ஒரு கோடு. எதிரே எலியின் அப்பா பெயர்.

எலி இன்னொரு முறை படித்தாள்.

"அக்கா, உன் இனிஷியல் ரா தான?"

"ரா தான்."

"அது பெரியப்பாவோட ரா இல்லையா?"

"எல்லாரும் அப்படித் தான் நெனச்சீங்க" என்றாள் அக்கா. "ரெண்டு பேர் பேருக்கும் முதல் எழுத்து ஒண்ணு தான. யாருக்கும் சந்தேகம் வரல. சித்தி படிச்சவங்க இல்ல, கேக்கவே இல்ல."

பிறகு அவள் நிறுத்தாமல் சொன்னாள். முப்பத்தெட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லும்போது மூச்சு விட எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சேக்கப் போன அன்னைக்கு நான் அவர் விரலப் பிடிச்சிட்டு நின்னேன். ஹெட்மாஸ்டர் பேனாவ எடுத்துட்டு, தகப்பனாரா பாதுகாவலரா, எத அடிக்கட்டும்னாரு. சித்தப்பா யோசிக்கவே இல்லடி. பாதுகாவலர அடிங்க சார், எப்படியும் ராவன்னா தான் வருதுன்னாரு. டிக்கெட் கிழிச்சுக் குடுக்கற மாதிரி சொன்னாரு. வெளிய வந்து, வீட்டுல எப்பவும் போல சித்தப்பான்னே கூப்பிடு, பள்ளிக்கூடத்துல கேட்டா என் பேரச் சொல்லுன்னாரு. அவ்வளவு தான். அப்புறம் அதப் பத்திப் பேசினதே இல்ல."

"இத ஏன்க்கா எங்கிட்ட மறைச்ச?"

"என்னன்னு சொல்ல? அத்தைக்குத் தெரிஞ்சா, எங்க அண்ணன் பேர எடுத்துக்கிட்டான்னு ஊரக் கூட்டிருப்பாங்க. உனக்குத் தெரிஞ்சா..." நிறுத்தினாள். "உனக்குன்னு இருந்தது ஒரு அப்பா. அவரையும் பாதி எடுத்துக்கிட்டேன்னு நெனப்பியோன்னு. நீ சர்டிபிகேட் கேட்ட அன்னைலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. இத அனுப்பினா உன் மனு கெட்டுப் போகுமோ, அனுப்பலேன்னா கெட்டுப் போகுமோ, ஒண்ணும் புரியல."

எலி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நீ கோவத்துல இருக்கேன்னு நான், நான் கோவிச்சுப்பேன்னு நீ என்று சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது வேறு.

"எடுத்துக்கிட்டா என்ன. நீ தான அவருக்கு ஒம்பது நாளும் வாய் தொடச்சு விட்ட."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "மிஷின் நல்லாத் தான் இருக்கு. அனுப்பறேன். கலர்லயா, கறுப்பு வெள்ளைலயா?"

"கலர்ல. அந்த நீலக் கோடு தெரியணும்."

திங்கட்கிழமை, முத்திரை போட்ட மொழிபெயர்ப்போடு எலி அதே மேசை முன்னால் உட்கார்ந்தாள். கணவன் வெளியே நாற்காலியில். அதிகாரி மொழிபெயர்ப்பைப் படித்தார். மொழிபெயர்ப்பாளர் ஒரு குறிப்பும் போட்டிருந்தார். 'அல்லது பாதுகாவலர்' என்ற சொற்கள் மையால் அடிக்கப்பட்டுள்ளன. அதிகாரி எலியின் கோப்பைத் திறந்து அவள் அப்பா பெயரைப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டார்.

"அப்பா ஒருத்தர் தான். அன்னைக்கு அம்மாவோட சகோதரி மகள்னீங்க?"

ஆமாம், கூடப்பிறந்தவள் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். காகிதம் அவள் பக்கம்தான் இருந்தது. ஆனால் ஒரு மாதமாகப் பட்டது போதும் என்றிருந்தது எலிக்கு. "பெத்தவங்க வேற" என்றாள். "எங்க பெரியம்மா பெத்தாங்க. எங்க அப்பா கூட்டிட்டு வந்து தன் பொண்ணுன்னு எழுதினாரு. எழுதினது எனக்குப் போன சனிக்கிழமை தான் தெரியும். வளந்தது ஒரே வீட்டுல. இதுக்கு உங்க மொழில என்ன பேர் சொல்லணுமோ நீங்களே சொல்லுங்க."

அதிகாரி பாரத்தைத் திருப்பிப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். அப்புறம் அதை அவள் பக்கம் நகர்த்தினார். உடன்பிறந்தோர் என்பதில் பெற்றோர் தம் பிள்ளையாகப் பதிவு செய்து வளர்த்தவர்களும் அடங்குவர். பெட்டியைத் திறந்து பார்க்கிற கணவன் பாரத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. வெளியே போனதும் அவனுக்கு இருக்கிறது.

"முதல்ல குடுத்தது சரி. ரெண்டாவது தான் தப்பு" என்றார். "திருத்துங்க. திருத்தத்துக்கான காரணத்தையும் எழுதணும், இந்த ஒரு வரிக்குள்ள."

எலி 'இல்லை' என்பதை அடித்தாள். 'ஒருவர், அக்கா' என்று எழுதினாள். அக்காவுக்கு அந்த மொழியில் இரண்டு சொல் வேண்டியிருந்தது, மூத்த சகோதரி என்று. காரணத்துக்கான வரியில் வெகு நேரம் பேனா நின்றது. பிறகு எழுதினாள். என் அப்பா அப்படித்தான் எழுதினார், எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

அதிகாரி படித்துப் பார்த்தார். "இங்க பொதுவா எழுத்துப்பிழைன்னு போடுவாங்க" என்றார். ஆனாலும் முத்திரையைக் குத்தினார்.

உறுதிமொழி எடுக்கிற நாளில் அந்தக் கூடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். இருபது விதமான முகம், ஒரே விதமான பதற்றம். எலி நாலாவது வரிசை. பின்னால், உறவினர்களுக்கான நாற்காலியில் கணவன் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். திரையில் அக்கா. கடையைச் சாத்திவிட்டு, பட்டுச்சேலை கட்டி, மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்த மொழி ஒரு சொல்லும் தெரியாது.

"இப்ப என்ன சொல்றாங்க தம்பி?"

"எல்லாரையும் எந்திரிச்சு வலது கையத் தூக்கச் சொல்றாங்க அண்ணி."

அறுபது பேரும் எழுந்தார்கள். எலியும் எழுந்து கையைத் தூக்கினாள். மகள் அப்பாவின் முழங்கையை இடித்துப் போனைக் காட்டினாள். திரையில் அக்காவின் முகம் இல்லை. பட்டுச்சேலையின் கொசுவம் மட்டும் தெரிந்தது.

"அண்ணி, நீங்க எதுக்கு எந்திரிச்சீங்க? உங்களுக்கு இல்ல."

"நீங்க தான எந்திரிக்கச் சொன்னீங்க" என்றது மேலேயிருந்து அக்காவின் குரல். "சும்மா இருங்க தம்பி, அவ சொல்றது காதுல விழணும்."